ஊர்ப் பெயருக்கு யார் சொந்தக்காரர்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரோடு சேர்ந்து பெயர்பெற்ற பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரைக் காத்துத் தரும் சட்ட அடையாளம், பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: புறக்கோட்டையில் வாசனைத் திரவிய மொத்த வியாபாரம் செய்கிறோம். ஜெர்மனியில் ஒரு கொள்வனவாளர், பக்கெட்டில் 'சிலோன் சினமன்' என்று அச்சிட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டச் சின்னத்தையும் போட்டு அனுப்பச் சொல்கிறார். எங்கள் சரக்கு அசல் இலங்கைக் கறுவாதான். போடலாமா?

ப: அசல் கறுவாவாக இருந்தால் மட்டும் போதாது. 'சிலோன் சினமன்' 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 'பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடு' என்ற வகையில் பதிவாயிற்று. இலங்கைப் பொருளொன்று அங்கே இப்படிப் பதிவானது அதுவே முதல் தடவை. அந்தப் பதிவுக்குள் ஒரு உற்பத்தி விவரக்குறிப்பு இருக்கிறது. எந்த மரம், எப்படி உரிப்பது, எப்படிச் சுருட்டிக் காயவைப்பது, எந்தத் தரம் என்பதெல்லாம் அதில் வரும். அதன்படி உற்பத்தியாகி, வெளியார் பரிசோதனைக்கும் உட்பட்டு, சான்றிதழ் பெற்ற சரக்கே அந்தப் பெயரோடு ஐரோப்பியக் கடைக்குப் போகலாம். வட்டச் சின்னம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்குக் கட்டாயமில்லை. ஆனால் சின்னத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டாலும் விதி விதிதான்.

உங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் சறுக்குவது பெரும்பாலும் சரக்குச் சங்கிலியில். சான்றிதழ் பெற்ற தோட்டத்தின் கறுவாவையும், மாத்தறையிலிருந்து இன்னொரு தரகர் கொண்டுவந்ததையும் ஒரே களஞ்சியத்தில் ஒரே தரம் என்று சேர்த்துக் கட்டினால் இரண்டுமே சான்றை இழந்துவிடும். கொள்வனவுச் சிட்டையில் உள்ள தொகுதி எண் பக்கெட்டு வரை வரவேண்டும். தூளாக்குவதென்றால் ஆலையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த தொகுதியைப் போடவேண்டும், அதையும் எழுதிவைக்கவேண்டும்.

ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் 'தூய சிலோன் கறுவா' இலச்சினையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சபைக்குச் சொந்தமான வியாபாரக் குறி. அதற்குத் தனி அனுமதி எடுக்கவேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது கிடைத்துவிடாது.

ஜெர்மன்காரர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கசியா என்ற மலிவுப் பட்டையில் குமரின் என்ற வேதிப்பொருள் கிலோவுக்குக் கிராம் கணக்கில் இருக்கும். நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஐரோப்பிய விதிப்படி கேக், பிஸ்கட் வகைகளில் குமரின் கிலோவுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கறுவா சேர்த்திருப்பதாக லேபலில் சொல்லும் பண்டிகைக்காலப் பலகாரத்துக்கு 50 வரை போகலாம். கசியாவைப் போட்டுவிட்டு அந்த எல்லைக்குள் நிற்பது பேக்கரிக்காரருக்குக் கஷ்டம். ஆகவே அவர் வாங்குவது வாசனையை மட்டுமல்ல, ஆய்வுகூட அறிக்கையையும் சேர்த்துத்தான். கந்தகப் புகை போட்ட கறுவாவென்றால் கந்தக டைஒக்சைட் கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். நிறத்துக்காகக் கூடுதலாகப் புகை போடும் சிலரின் சரக்கு துறைமுகத்தில் நிற்பது இதனால்தான்.

கே: கிராண்ட்பாஸில் தேயிலை கலக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. வெளிநாட்டுத் தேயிலை கொஞ்சம் சேர்த்தால் சிங்க இலச்சினை போடமுடியாதா?

ப: முடியாது. வாள் ஏந்திய சிங்கம் இலங்கைத் தேயிலைச் சபையின் குறி. உள்ளே இருப்பது நூறு சதவீதம் இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், நுகர்வோர் பொதியாக இலங்கையிலேயே பொதியிட்டிருக்கவேண்டும், சபையின் தரப் பரிசோதனையிலும் தேறவேண்டும். துபாய்க்கு மூட்டையாக அனுப்பி அங்கே பக்கெட் போட்டால், உள்ளே முழுக்க நுவரெலியாத் தேயிலையே இருந்தாலும் சிங்கம் கிடையாது. வேலைவாய்ப்பு இங்கேயே நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் இரண்டாவது நிபந்தனை. கலப்புத் தேயிலையை வேறு பெயரில் தாராளமாக விற்கலாம்.

கே: யாழ்ப்பாணத்தில் எங்கள் உறவினர்கள் பலர் பனங்கட்டி காய்ச்சுகிறார்கள். வெள்ளவத்தைக் கடைகளில் சீனிப்பாகு கலந்த கட்டியெல்லாம் 'யாழ்ப்பாணப் பனங்கட்டி' என்று விலைபோகிறது. புவிசார் குறியீடு எடுக்க எங்கே தொடங்குவது? கொழும்பிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

ப: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் விண்ணப்பப் படிவத்தில் தொடங்குபவர்கள்தான் பாதி வழியில் நிற்கிறார்கள். படிவம் கடைசி வேலை.

முதலில் சட்டம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 161 ஆம் பிரிவு, பதிவு இல்லாமலே ஊர்ப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வழி தருகிறது. ஆனால் ஒவ்வொரு கள்ளச் சரக்குக்கும் வழக்குப் போட்டு, யாழ்ப்பாணப் பனங்கட்டி என்றால் என்ன என்பதை நீதிமன்றத்தில் திரும்பத் திரும்ப நிரூபிக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் புவிசார் குறியீடுகளுக்கென்று பதிவுக்கு வழி திறந்தது. உள்நாட்டுப் பதிவு ஏற்றுமதிக்கும் தேவை. புலமைச் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் உடன்படிக்கை 24 ஆம் உறுப்புரை, சொந்த நாட்டிலேயே பாதுகாப்பில்லாத பெயரை மற்ற நாடுகள் பாதுகாக்கவேண்டிய கடமை இல்லை என்று சொல்கிறது. ரொறன்ரோவில் போலி விற்கிறது என்று முறையிடுமுன் இங்கே நம் கணக்கு நேராக இருக்கவேண்டும்.

அடுத்தது, விண்ணப்பிப்பது யார்? ஒரு வியாபாரி அல்ல, உற்பத்தியாளர்களின் அமைப்பு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றின் கூட்டாகவோ யாப்புள்ள புதிய சங்கமாகவோ போகலாம். எதுவானாலும் சீவல் தொழிலாளர், காய்ச்சுபவர், பொதியிடுபவர் என்று மூன்று தரப்பும் நிர்வாகத்தில் இருக்கவேண்டும். பொதியிடுபவர்கள் மட்டும் கூடி எழுதினால் 'எங்கிருந்தும் கட்டி வாங்கலாம், பக்கெட் மட்டும் யாழ்ப்பாணத்தில்' என்ற மாதிரி ஒரு விவரக்குறிப்புத்தான் வரும். மரத்தில் ஏறுபவருக்கு அதனால் ஒரு சதமும் கூடாது. அவர் தொழிலை விட்டால் பெயர் மட்டும் மிஞ்சும்.

விவரக்குறிப்பு எழுதும்போது முதல் சண்டை எல்லையில் வரும். குடாநாடும் தீவகமும் மட்டுமா, பூநகரியும் சேருமா? மன்னாரிலும் பனை நிறைய உண்டு, ஆனால் அதை 'யாழ்ப்பாணம்' என்று எழுதினால் எதிர்ப்பு மனு வரும்போது பதில் இருக்காது. எல்லையை 'யாழ். மாவட்டமும் சுற்றுப்புறமும்' என்று மொட்டையாக எழுதக்கூடாது. கிராம அலுவலர் பிரிவுகளின் பெயர்ப் பட்டியலும் நில அளவைத் திணைக்கள வரைபடமும் இணைக்கவேண்டும். பதநீர் எங்கே இறக்கப்படுகிறது, எங்கே காய்ச்சப்படுகிறது, எங்கே பொதியிடப்படுகிறது என்ற மூன்றுக்கும் தனித்தனியாக எல்லை சொல்லவேண்டும். எங்கள் அபிப்பிராயம், முதல் இரண்டும் எல்லைக்குள் கட்டாயம். பொதியிடலைக் கொழும்புக்கு விட்டுக்கொடுக்கலாம், முத்திரையிட்ட ஓலைக் குட்டானாக வந்தால்.

செய்முறையை, செய்பவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். பாளை சீவி முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு பூசுவது பதநீர் கள்ளாகாமல் இருக்க. காரத்தன்மையில் நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வளராது. சுண்ணாம்பு குறைந்தால் சுக்குரோஸ் உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸுமாகும். அந்தப் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, இறுகினாலும் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து ஒழுகும். சுண்ணாம்பு கூடினால் நிறம் கறுத்து, நாக்கில் கார்ப்புத் தட்டி, அடியில் வெள்ளைப் படிவு தங்கும். இறக்கிய பதநீரைத் தெளியவைத்து, துணியில் வடித்து, அன்றைக்கே காய்ச்சவேண்டும். பாகு 118 பாகை செல்சியஸ் அளவில் பதம் வரும். 'பதம் பார்த்து இறக்குக' என்று எழுதினால் பரிசோதகருக்கு அது ஒன்றும் சொல்லாது. கைப்பதத்தையும் எழுதுங்கள், வெப்பமானியின் அளவையும் எழுதுங்கள்.

ஈரப்பதம், சுக்குரோஸ், ஒடுக்கும் சீனி (குளுக்கோஸ், பிரக்டோஸ்), சாம்பல், கரையாத படிவு ஆகியவற்றுக்கு எல்லை எண்கள் வேண்டும். இவற்றை மேசையிலிருந்து ஊகித்துப் போட்டவர்கள் பிறகு தங்கள் அங்கத்தவரின் சரக்கையே தங்கள் விதியால் நிராகரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். பருவத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று காலத்திலும், வெவ்வேறு கொதிசாலைகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் கொடுங்கள். நல்ல கட்டி என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் மாதிரிகளில் பத்தில் ஒன்பது எந்த அளவுக்குள் வருகிறதோ அதுவே எல்லை.

இனிச் சீனிக் கலப்படம். இதுதான் உங்கள் கடிதத்தின் உயிர்நாடி. கண்ணால் பார்த்தும், தண்ணீரில் கரைத்தும், நாக்கில் வைத்தும் சொல்வதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. நிற்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கரும்பும் பனையும் காற்றிலுள்ள காபனை வெவ்வேறு வழியில் உள்வாங்குகின்றன. அதனால் காபன்-13 என்ற கனமான காபனின் அளவு இரண்டின் சீனியிலும் வேறுபடும். ஆய்வுகூட அளவுகோலில் கரும்புச் சீனி மறை 11 (-11) முதல் மறை 13 (-13) வரை நிற்கும். பனை சேர்ந்த தாவர வகை மறை 24க்கும் கீழே போகும். பாதிக்குப் பாதி கலந்த கட்டி நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். பீட்ரூட் சீனியைக் கலந்தால் இந்தச் சோதனை பிடிக்காது, ஆனால் நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பது கரும்புச் சீனிதான் என்பதால் கவலை குறைவு. சோதனைக்குச் செலவு அதிகம். ஆகவே சந்தேகமான தொகுதிக்கும், திடீர் மாதிரிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடக் காவலுக்கு ஒரு கணக்குப் புத்தகம் போதும். ஒரு கிலோ பனங்கட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லீற்றர் பதநீர் வேண்டும். காய்ச்சுபவர் தினமும் எத்தனை மரத்திலிருந்து எத்தனை லீற்றர் வந்தது, எத்தனை கிலோ கட்டி இறங்கியது என்று எழுதவேண்டும். 400 லீற்றர் வாங்கியவர் 80 கிலோ விற்றிருந்தால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆய்வுகூடம் தேவையில்லை. பருவம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் 'புதுக் கட்டி' வந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான்.

பிறகு மண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு. இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, மறைக்கவேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023 இல் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அவர்களுக்குத் தேரிக்காட்டுச் செம்மணல் இருக்கிறது. உங்களுடையது எதனால் வேறு என்று பதிவு அலுவலகம் கேட்கும். 'சுண்ணக்கல் நிலம், நிலத்தடி நீர்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. மண், கிணற்று நீர், பதநீர் மூன்றின் பகுப்பாய்வையும் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். அது கைகூடாவிட்டால் புகழ் என்ற வழி இருக்கிறது. ட்ரிப்ஸின் 22 ஆம் உறுப்புரை தரம், புகழ், வேறு இயல்பு என்று மூன்றையும் 'அல்லது' போட்டுத்தான் சொல்கிறது, ஒன்று நிலைத்தால் போதும். கொழும்பிலிருந்து உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். சுவடிக்கூடத் திணைக்களத்திலும் நூதனசாலை நூலகத்திலும் பழைய பத்திரிகை விளம்பரம், விலைப் பட்டியல், கூட்டுறவுச் சங்க அறிக்கை, சமையற் புத்தகம் எல்லாவற்றிலும் 'யாழ்ப்பாணப் பனங்கட்டி' என்ற பெயர் வரும் பக்கத்தைத் திகதியோடு பிரதி எடுத்துச் சேருங்கள். வாழ்த்துக் கடிதங்கள் வேண்டாம், அவை சான்றல்ல.

கடைசியாகக் காசு. பரிசோதகரின் சம்பளம், ஆய்வுகூடக் கட்டணம், முத்திரை அச்சிடும் செலவு இவை பதிவு கிடைத்த பிறகுதான் தொடங்கும். ஒவ்வொரு வருடமும் வரும். திட்ட உதவிப் பணத்தில் பதிவு எடுத்து, திட்டம் முடிந்த மறுவருடம் பரிசோதனையும் நின்றுபோன பெயர்கள் பல நாடுகளில் உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று சங்கத்துக்கு ஒரு கழிவை இப்போதே யாப்பில் எழுதுங்கள். சீனி கலந்தவருக்கு முதல் தடவை என்ன, இரண்டாம் தடவை என்ன தண்டனை என்பதையும் எழுதுங்கள். உறவினர் என்று விட்டுக்கொடுக்கும் சங்கத்தில் முத்திரைக்கு மதிப்பிருக்காது.

கே: என் மைத்துனர் 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லோடு ஒரு கறித்தூள் லேபலை வியாபாரக் குறியாகப் பதிந்திருக்கிறார். இனி மற்றவர்கள் யாழ்ப்பாணக் கறித்தூள் என்று விற்க முடியாதா? – கொட்டாஞ்சேனை வாசகி

ப: விற்கலாம். வெறும் ஊர்ப் பெயரை ஒருவர் தனக்கென்று வியாபாரக் குறியாக்கச் சட்டம் இடம் தராது. படமும் எழுத்தும் வேறு சொற்களும் சேர்ந்த லேபல் முழுவதற்கும்தான் உங்கள் மைத்துனருக்கு உரிமை. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வரலாம். அதே போன்ற லேபலை ஒருவர் போட்டால் தடுக்கலாம், 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லைத் தடுக்கமுடியாது.

கறித்தூளுக்குப் புவிசார் குறியீடு எடுக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுப்பது கடினம். செத்தல் மிளகாயும் மல்லியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றன. மூலப்பொருள் வெளியிலிருந்து வந்தாலும் ஒரு முக்கிய கட்டமாவது ஊரில் நடந்தால் ஏற்கும் முறை ஐரோப்பாவில் இருக்கிறது. இங்கே அந்தக் கட்டம் வறுப்பு. ஆனால் எத்தனை வீடு உண்டோ அத்தனை வறுப்பு. யாருடைய அளவை விவரக்குறிப்பில் எழுதுவது? அந்தச் சம்மதம் வராத வரை கூட்டுக் குறியாகவே (அடுத்த பதிலில் விளக்கம்) போவது புத்திசாலித்தனம்.

கே: கூட்டுக் குறி, சான்றுக் குறி என்கிறார்களே, இவற்றுக்கும் புவிசார் குறியீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

ப: கூட்டுக் குறியை ஒரு சங்கத்தின் அங்கத்தவர்கள் மட்டும் போடலாம். வெளியாருக்கு இல்லை. சான்றுக் குறியை, சொன்ன தரத்தை எட்டும் எவரும் கேட்டு வாங்கலாம். குறியின் சொந்தக்காரர் பொதுவாகத் தான் அந்தப் பொருளை விற்பதில்லை, நடுவராக நிற்பார். புவிசார் குறியீட்டில் எல்லைக்குள் இருந்து விதிப்படி செய்யும் எவரும் பெயரைப் பயன்படுத்தலாம், அங்கத்தவராக இல்லாவிட்டாலும் அவரை ஒதுக்கமுடியாது. சிறு குழுவுக்கு முதல் இரண்டும் விரைவு. ஊர் முழுவதற்குமென்றால் மூன்றாவது.

கே: வெள்ளவத்தையில் 'காஞ்சிபுரம்' என்று சொல்லிச் செயற்கைப் பட்டுச் சேலை விற்கிறார்கள். இந்தியாவில் அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, இங்கே செல்லாதா?

ப: சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தின் பதிவு இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் இலங்கையும் உலக வர்த்தக அமைப்பின் அங்கத்துவ நாடு, ஆகவே மேலே சொன்ன 161 ஆம் பிரிவு வெளிநாட்டுப் பெயருக்கும் பொருந்தும். காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் நினைத்தால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு வரலாம். நடைமுறையில் ஒரு சேலைக் கடைக்காக யாரும் கடல் தாண்டி வரமாட்டார்கள். வாங்கியவர் ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவதே குறுக்கு வழி, பற்றுச்சீட்டில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று எழுதி வாங்கியிருந்தால். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. சந்தேகமென்றால் முந்தானை ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பட்டு முடி எரிந்த மணம் தந்து தூளாக நொறுங்கும். பொலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கெட்டியாகும்.

கே: மருதமுனைக் கைத்தறிச் சாரங்களையும் சேலைகளையும் கொழும்பில் விற்கிறோம். உணவுப் பொருளுக்கு மட்டும்தானா இந்தக் குறியீடு?

ப: இல்லை. இந்தியாவில் பவானி ஜமக்காளமும் திண்டுக்கல் பூட்டும் தஞ்சாவூர் வீணையும் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம்தான் இவ்வளவு காலமும் விவசாயப் பொருள், மது என்று நின்றது. கைவினைப் பொருளுக்கும் தொழிற்சாலைப் பொருளுக்குமான அதன் புதிய ஒழுங்குவிதி 2025 டிசெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், சொந்த நாட்டில் பாதுகாப்பு இருந்தால்.

மருதமுனையில் நூல் ஊரில் விளைவதில்லை, சாயமும் ஊரில் தயாராவதில்லை. அது குறையல்ல, நெசவுதான் இங்கே பெயருக்கு ஆதாரம். விவரக்குறிப்பில் நூலின் எண், அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை, அகலம், சாயத்தின் வகை, கழுவினால் சாயம் எவ்வளவு நிற்கவேண்டும் என்பவை வேண்டும். விசைத்தறிச் சரக்கைத் துணியைப் பார்த்து மட்டும் பிரிக்க முயல்வது வீண். நல்ல விசைத்தறி எந்த நிபுணரையும் ஏமாற்றும். தறிக்கு எண் கொடுங்கள், நெசவாளருக்குப் புத்தகம் கொடுங்கள், ஒரு தறியில் ஒரு நாளில் எத்தனை முழம் நெய்யலாம் என்பதை வைத்து முத்திரைச் சீட்டை எண்ணிக் கொடுங்கள். பனங்கட்டிக்குச் சொன்ன அதே கணக்குத்தான், லீற்றருக்குப் பதில் முழம்.

கே: பிரெஞ்சு மதுவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நம் தேயிலைக்குக் கிடைப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

ப: எழுத்தளவிலேயே உண்மை. 'சிலோன் வகைத் தேயிலை, விளைந்தது வேறு நாடு' என்று ஒருவர் அச்சிட்டால், ட்ரிப்ஸ் 22 ஆம் உறுப்புரையின்படி வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நாம் நிரூபிக்கவேண்டும். அதையே மதுவில் செய்தால் 23 ஆம் உறுப்புரை 'வகை', 'பாணி' என்ற ஒட்டுச் சொல்லோடு போடுவதையே தடுக்கிறது, ஏமாற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் ஐரோப்பா பேரம் பேசி வாங்கிய சலுகை அது. எல்லாப் பொருளுக்கும் அதை விரிக்கவேண்டும் என்று கேட்கும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் மறுக்கின்றன. அங்கே குடியேறிய ஐரோப்பியர் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுபோய்ச் சீஸுக்கும் இறைச்சிக்கும் வைத்துவிட்டார்கள்.

கே: பொருளியல் மாணவன். குறியீடு கிடைத்தால் விவசாயிக்கு விலை கூடும் என்கிறார்கள். வளர்முக நாடுகளின் அனுபவம் என்ன?

ப: கூடிய இடமும் உண்டு, கூடாத இடமும் உண்டு. பதிவு பத்திரம்தான். விலையைக் கூட்டுவது அதன் பின்னால் நிற்கும் அமைப்பு.

கம்போடியாவின் கம்பொட் மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போன பயிர். 2010 இல் உள்நாட்டுப் பதிவு, 2016 இல் ஐரோப்பியப் பதிவு. கம்பொட், கெப் மாகாணங்கள்தான் எல்லை. சிறிய எல்லை, உயர்ந்த விலைக்கு வாங்கும் சமையற்காரர்கள், விதியை மீறினால் தட்டிக்கேட்கும் சங்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்தன. கொலம்பியக் காப்பி 2007 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியிலிருந்து பதிவான முதல் உணவுப் பொருளின் பெயர். ஆனால் அதன் காப்பிச் செய்கையாளர் சம்மேளனம் 1927 இலேயே உருவாகி, கொள்முதல், ஆராய்ச்சி, விளம்பரம் எல்லாம் நடத்திக்கொண்டிருந்தது. எண்பது வருட வேலைக்குப் பிறகு வந்த சான்றிதழ் அது. நம் மேடைப் பேச்சுகளில் சான்றிதழை மட்டும் சொல்லி எண்பது வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

மெக்சிக்கோவின் டெக்கீலாவுக்கு 1974 முதல் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் விதியில் சீனியின் 51 சதவீதம் நீலக் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மிச்சம் வேறு சீனியாகலாம். கற்றாழை முதிரப் பல வருடம் எடுக்கும். தட்டுப்பாட்டில் விலை ஏறும், எல்லோரும் நடுவார்கள், முதிரும்போது விலை விழும். பெயர் உலகப் புகழ். சிறு செய்கையாளருக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் மிச்சம். 51 என்ற எண்ணை எழுதிய மேசையில் யார் இருந்தார்கள் என்பதை ஆராய்ந்தால் உங்களுக்கு நல்ல ஆய்வுக் கட்டுரை கிடைக்கும்.

எத்தியோப்பியா வேறு வழி போயிற்று. அதன் காப்பி இலட்சக்கணக்கான சிறு துண்டு நிலங்களில் விளைகிறது, ஒவ்வொன்றையும் பரிசோதிக்கும் செலவை யாராலும் தாங்கமுடியாது. அதனால் ஹரார், சிடாமோ, யிர்கச்செஃப் என்ற பெயர்களை அரசே வியாபாரக் குறிகளாக வெளிநாடுகளில் பதிய 2005 இல் இறங்கியது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு இழுபறிப்பட்டு 2007 இல் உடன்பாடும் கண்டது. புவிசார் குறியீடுதான் ஒரே வழி என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இந்த உதாரணத்தைக் காட்டுங்கள்.

கே: விண்ணப்பம் பற்றி நேரில் விசாரிக்க எங்கே போகவேண்டும்?

ப: கொழும்பு 10, டி.ஆர். விஜயவர்தன மாவத்தை, சமாகம் மெதுரவிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். படிவமும் அன்றைய கட்டண விபரமும் அங்கேயே கேட்டு வாங்குங்கள், இணையத்தில் பரவும் பழைய கட்டணப் பட்டியலை நம்பவேண்டாம். முதல் தடவை போகும்போது சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, அங்கத்தவர் பட்டியல், எல்லை வரைபடம், விவரக்குறிப்பின் ஒரு வரைவு ஆகியவை கையில் இருந்தால் பேச்சு பயனுள்ளதாக இருக்கும். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

கே: கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் குறியீடு எடுத்தால் வேறு மாவட்டங்களில் அதை நடமுடியாமல் போய்விடுமா?

ப: நடுவதைத் தடுக்கமுடியாது. கறுத்தக்கொழும்பான் ஓர் இனத்தின் பெயர், ஒட்டுக்கன்று போகும் இடமெல்லாம் பெயரும் போகும். பதியக்கூடியது 'யாழ்ப்பாணக் கறுத்தக்கொழும்பான்' என்ற முழுப் பெயர். வேறு மாவட்டத்துக்காரர் தன் பழத்தைக் கறுத்தக்கொழும்பான் என்றே விற்கலாம், முன்னால் யாழ்ப்பாணத்தைச் சேர்த்தால்தான் தவறு. ஆனால் பதியுமுன் அறுவடையின்போது பழத்தின் முதிர்ச்சியை எப்படி அளப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிஞ்சிலே பிடுங்கிப் புகைபோட்டுக் கொழும்புக்கு ஏற்றும் பழத்துக்கும் அதே முத்திரை விழுந்தால், பழம் வாங்கியவர் முத்திரையைத்தான் திட்டுவார்.